கானோ மறுத்த சொட்டு மருந்து

நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ மாநிலம் 2003 ஆகஸ்டு முதல் 2004 ஜூலை வரை, ஏறத்தாழ ஓராண்டுக் காலம், இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தைத் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க மறுத்து நின்றது. ஸம்ஃபாரா, கதூனா முதலிய அண்டை மாநிலங்களும் சிறிது காலம் அதனோடு சேர்ந்துகொண்டன. இதனை முஸ்லிம்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டி எழுதியோர் பலர். மேற்குலகின் சூழ்ச்சியை இனங்கண்ட விழிப்புணர்வு என்று நம்மவருள் சிலர் மெச்சிக்கொண்டதும் உண்டு. இவ்விரு கூற்றுகளும் கானோவின் அண்மை வரலாற்றைப் பொருட்படுத்தாதவை என்பது நம் கருத்து. கானோவின் ஐயத்துக்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால், அந்த ஐயத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் யாரை நோக்கி அந்த ஐயம் எழுந்ததோ அவர்கள் அல்லர், நம் குழந்தைகளே.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். போலியோ வைரஸ் வாய்வழியே புகுந்து, குடலில் பெருகி, மலத்துடன் வெளியேறி, அசுத்த நீராலும் கைகளாலும் அடுத்த குழந்தையைச் சென்றடைகிறது. தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே நிலையான முடக்கம் உண்டாகும். ஒரு குழந்தையின் கால் சூம்பிற்று என்று நாம் அறியும் வேளையில், அந்தத் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் எத்தனையோ குழந்தைகளின் குடல்களில் வைரஸ் ஓசையின்றிக் குடியேறியிருக்கும். இதற்கு ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி 1955-இல் நடைமுறைக்கு வந்தது. ஆல்பர்ட் சாபின் உருவாக்கிய, வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸைக் கொண்ட சொட்டு மருந்து, 1950-களின் இறுதியில் சோவியத் நாட்டில் லட்சக்கணக்கானோருக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. அமெரிக்கரின் மருந்தைப் பனிப்போர்க் காலத்தில் உருசியர் சோதித்துக் கொடுத்தனர் என்பதை இன்று நினைத்தாலும் வியப்பே. ஊசியின்றி, மருத்துவரின்றி, வீட்டு வாசலிலேயே இரண்டு சொட்டுகளாகக் கொடுக்க இயன்றதால், ஏழை நாடுகளுக்கு இதுவே உகந்ததாயிற்று.

1988-இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானித்தது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தனர். 2003 முடிவில் நோய் வேரூன்றியிருந்த நாடுகள் ஆறு மட்டுமே: நைஜீரியா, நைஜர், எகிப்து, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியா. இப்பட்டியலைப் பார்த்த மாத்திரத்திலேயே இவ்வரலாற்றில் முஸ்லிம் சமுதாயத்தின் பங்கு என்னவென்பது விளங்கிவிடும்.

இனிக் கானோவுக்கு வருவோம். ஸஹாரா பாலைவனத்தைக் கடந்துவந்த வணிகக் கூட்டங்கள் தங்கிய பழம்பெரும் ஹவுஸா நகரம் அது. தோலுக்கும் சாயத்துணிக்கும் புகழ்பெற்றது. மார்க்கக் கல்வியிலும் நெடுங்கால மரபுடையது. 1996-இல் அங்கு மூளைக்காய்ச்சல் பெருங்கொள்ளை நோயாகப் பரவி, நைஜீரியாவில் பல்லாயிரவர் மாண்டனர். நகரின் தொற்றுநோய் மருத்துவமனையில் தொண்டு மருத்துவர்கள் இரவு பகலாகப் பணியாற்றிக்கொண்டிருந்த அதே வளாகத்துக்கு அமெரிக்க மருந்து நிறுவனமான ஃபைஸரின் குழுவினரும் வந்தனர். டிரோவன் என்னும் புதிய மருந்தைக் குழந்தைகளிடம் சோதிப்பது அவர்களது நோக்கம். 200 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்குப் புதிய மருந்து. மீதிப் பேருக்கு முன்பே வழக்கிலிருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தனர். வேறு சிலர் ஊனமுற்றனர்.

நோயே அவர்களைக் கொன்றது, மருந்தன்று என்பது நிறுவனத்தின் வாதம். இது சோதனை என்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை, எங்கள் இசைவைப் பெறவுமில்லை என்பது பெற்றோரின் முறையீடு. 2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு இச்செய்தியை வெளிக்கொணர்ந்தது. குடும்பத்தினர் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். பின்னர்க் கானோ மாநில அரசும் வழக்குத் தொடுத்தது. 2009-இல் 75 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சொட்டு மருந்து மறுக்கப்பட்ட 2003-இல் இவ்வழக்கு முடிவின்றிக் கிடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த நகரத்துத் தாயொருத்தியின் இடத்திலிருந்து பார்ப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரசு மருத்துவமனைக்குப் போனால் மருந்தில்லை, காசு கொடுத்து வெளியில் வாங்கவேண்டும். ஆனால், அவள் கேளாமலேயே ஒரு மருந்து வாசல் தேடி வருகிறது. காசும் வேண்டாம் என்கிறார்கள். ஒருமுறை கொடுத்துவிட்டுப் போனவர்கள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். தட்டம்மையிலும் மலேரியாவிலும் கண்முன்னே குழந்தைகள் மாளும்போது, இந்த ஒரு நோயின்மீது மட்டும் வெளிநாட்டாருக்கு ஏன் இத்துணை அக்கறை? ஆப்கானிஸ்தானும் ஈராக்கும் குண்டுவீச்சுக்கு இலக்கான ஆண்டுகள் அவை. இக்கேள்வியை அறியாமை என்று தள்ள நம்மால் இயலவில்லை. மறுப்புக்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவரான தத்தி அஹ்மத் படிப்பறிவற்றவருமல்லர். அவர் ஒரு மருத்துவர், நைஜீரிய ஷரீஅத் உயர்மன்றத்தின் தலைவர். கருவுறாமல் தடுக்கும் பொருளும் எய்ட்ஸ் கிருமியும் சொட்டு மருந்தில் கலக்கப்பட்டுள்ளன என்பதே அன்று பரவிய குற்றச்சாட்டு.

அது பொய்க் குற்றச்சாட்டு. காரணமுள்ள ஐயம் வேறு, ஆதாரமற்ற குற்றச்சாட்டு வேறு என்னும் வரம்பைக் கானோவின் தலைவர்கள் காக்கத் தவறினர். ஸாரியாவிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருந்தியல் அறிஞர் ஒருவர் மருந்தின் மாதிரிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சோதித்து, ஈஸ்ட்ரோஜன் தென்பட்டதாக அறிவித்தார். மிக நுண்ணிய அளவு. உடலில் எவ்வித விளைவையும் உண்டாக்காது என்று உலக சுகாதார நிறுவனத்தார் விடையிறுத்தனர். ஆயினும், அளவைப் பற்றிய விளக்கம் எந்தச் சந்தையில் எடுபடும்? ‘இருக்கிறது’ என்ற ஒரு சொல்லே ஊரெங்கும் பரவிற்று. அதன்பின் நைஜீரிய அரசும் முஸ்லிம் அமைப்புகளும் குழுக்களை அமைத்து வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் மீண்டும் சோதனைகளை நடத்தின.

இறுதியில் தீர்வு வந்த விதம் கவனத்துக்குரியது. இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் தயாரான மருந்தை ஏற்பதாகக் கானோ அரசு அறிவித்தது. அது அமைப்பில் வேறான மருந்தன்று. அதே சாபின் சொட்டு மருந்துதான். செய்தவர்கள் முஸ்லிம்கள் என்பதே வேறுபாடு. 2004 ஜூலை 31-இல் ஆளுநர் இப்ராஹீம் ஷெகாராவ் மக்கள் திரள் முன்னிலையில் தம் மகளுக்கே சொட்டு மருந்து கொடுக்கச் செய்து மறுப்பை முடித்துவைத்தார். பன்னாட்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளால் ஓராண்டாக முடியாததை ஒரு தந்தையின் செயல் முடித்தது.

எனினும், வைரஸ் அந்த ஓராண்டு காத்திருக்கவில்லை. நைஜீரியாவில் 2003-இல் 355-ஆக இருந்த பாதிப்பு 2004-இல் 782-ஆயிற்று. அண்டை நாடுகள் வழியே சூடானை எட்டியது. சூடானிலிருந்து செங்கடலைத் தாண்டியது. 2005-இல் ஏமனில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் முடமாயினர். அதே ஆண்டு மார்ச்சில், பத்தாண்டுக் காலம் இந்நோயே இல்லாதிருந்த இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் சுகாபூமி மாவட்டத்தில் ஒரு குழந்தையின் கால் தளர்ந்தது; தொடர்ந்து 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள். மரபணு ஆய்வு அவ்வைரஸின் பூர்விகம் நைஜீரியா என்று காட்டிற்று. கானோவுக்கு நம்பிக்கையான மருந்தை அனுப்பிய நாட்டுக்குத் திரும்பிச் சென்றது இதுதான். புனிதப் பயணிகள் வழியாக நோய் பரவலாகாது என்று சவூதி அரேபிய அரசு, நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் பயணிகள் சொட்டு மருந்து பெற்றிருத்தல் வேண்டும் என விதித்ததும் இக்காலத்தில்தான்.

கானோவின் கதை இந்திய முஸ்லிம்களுக்கு அந்நியமன்று. 2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அவருள்ளும் முஸ்லிம் குழந்தைகளின் விகிதம் மிக அதிகம். மொராதாபாத் போன்ற நகரங்களில் கதவைச் சாத்தியோர், சொட்டு மருந்தைக் குடும்பக் கட்டுப்பாட்டின் மறுவடிவமாகக் கண்டனர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், தில்லி துர்க்மான் கேட்டிலும் முசாஃபர்நகரிலும் நடந்த துப்பாக்கிச்சூடுகளையும் கட்டாயக் கருத்தடையையும் அறிந்தவர்கள் அந்த ஐயத்தின் ஊற்றை அறிவார்கள். ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கோ விடை தமிழகத்திலேயே இருந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு மேலைநாடுகளில் போல மூன்று தவணை போதாது, குடலில் மருந்து எளிதில் பற்றுவதில்லை என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். இதனை மக்களிடம் எடுத்துச் சொல்ல நெடுங்காலம் எவரும் முற்படவில்லை. 2003-க்குப் பின் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிகளில் இறங்கினர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் முகாம் நாட்கள் அறிவிக்கப்பட்டன. உலமாக்கள் கையொப்பமிட்ட வேண்டுகோள்கள் வீடுதோறும் காட்டப்பட்டன. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமியோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ முடிந்தது. மூவகை வைரஸ்களுள் இரண்டாம் வகையின் உலகத்துக் கடைசி நோயாளி 1999-இல் காணப்பட்டதும் அலிகரில்தான்.

மார்க்கச் சட்ட நோக்கில் ஒரு வினா உண்டு. தடுப்பு மருந்து தயாரிப்பின் ஒரு கட்டத்தில் பன்றியிலிருந்து பெறும் டிரிப்ஸின் என்னும் நொதி பயன்படுகிறது. அவ்வாறாயின் அது கூடுமா? இந்தோனேசிய உலமா சபை 2002-இல் ஊசி மருந்து பற்றியும் 2005-இல் சொட்டு மருந்து பற்றியும் ஃபத்வா வழங்கி, ஆகுமான மாற்று கிடைக்கும்வரை தேவை கருதி அனுமதித்தது. ஐரோப்பிய ஃபத்வா மன்றமும் 2003-இல் இதனை ஆராய்ந்து, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காக்கும் கடமையை முன்னிறுத்தி அனுமதித்தது. கொள்ளை நோயுள்ள ஊருக்குள் நுழையாமலும் அங்கிருந்து வெளியேறாமலும் இருக்கப் பணித்த நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலை அறிந்த சமுதாயத்துக்கு, தன் வீட்டுத் தொற்று பிறர் வீட்டுத் துன்பமாகும் என்பது புதிய செய்தியன்று. ஆகவே, தடை ஃபிக்ஹில் இருந்ததாக நாம் கருதவில்லை.

தடை எங்கிருந்தது என்பதைப் பாகிஸ்தான் மறுபடியும் காட்டிற்று. உசாமா பின் லாதினின் இருப்பிடத்தை உறுதிசெய்ய, அமெரிக்க உளவுத்துறை 2011-இல் அபோதாபாதில் மருத்துவர் ஒருவரைக் கொண்டு மஞ்சட்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஆள்தேட முயன்றது. செய்தி அம்பலமானதும், அதுவரை வதந்தியாக இருந்தது உண்மையாகிவிட்டது. 2012-இல் வடக்கு வஸீரிஸ்தானில் சொட்டு மருந்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் சொட்டு மருந்துப் பணியாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் சொற்பக் கூலிக்கு வீடுவீடாக நடந்த முஸ்லிம் பெண்கள். உளவுக்குத் தடுப்பூசித் திட்டங்களை இனிப் பயன்படுத்தமாட்டோம் என்று வெள்ளை மாளிகை எழுத்தில் தெரிவித்தது 2014-இல்தான். அவ்வாண்டு பாகிஸ்தானில் 306 குழந்தைகள் முடமாயினர். உளவாளிகளின் குற்றத்துக்குத் தொண்டுப் பெண்களைக் கொன்றவர்களுக்கு நாம் எந்தச் சமாதானமும் கூற முடியாது.

மருந்தின் குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். சொட்டு மருந்திலுள்ள உயிருள்ள வைரஸ், தடுப்புப் பெறாதோர் மிகுந்த, கழிவுநீர் வசதியற்ற பகுதிகளில் குழந்தைக்குக் குழந்தை தாவிப் பல மாதங்கள் சுற்றினால், இழந்த வலிமையை மீண்டும் பெற்றுவிடக்கூடும். வட நைஜீரியாவிலேயே இது நேர்ந்தது. 2006-இல் வல்லுநர்கள் அறிந்த இச்செய்தி 2007-இன் பிற்பகுதியில்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. மீண்டும் வதந்தி கிளம்பும் என்ற அச்சமே மௌனத்துக்குக் காரணம் எனப்பட்டது. கானோவைப் போன்ற ஊரிடம் எதையேனும் மறைப்பதைவிடப் பெரும் பிழை வேறில்லை என்போம். இத்தகைய மாறிய வைரஸ்தான் 2024 ஆகஸ்டில் காஸாவில், போரினால் தடுப்பு மருந்து கிட்டாத பத்து மாதக் குழந்தையை முடமாக்கியது. அங்கு 25 ஆண்டுகளாக இந்நோய் இருந்ததில்லை. செப்டம்பரில், குண்டுகளுக்கிடையே சில மணி நேர இடைவெளிகளில், ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் மருந்துக்குத் தூக்கி வந்தனர். குற்றம் மருந்தைப் பெற்றவர்கள்மீதன்று. பெறாதோர் மிகுந்துவிட்ட சூழலிலேயே அவ்வைரஸ் வலுப்பெறுகிறது.

நைஜீரியாவில் 2009-க்குப் பின் சொகோட்டோ சுல்தான் ஸஅத் அபூபக்கரின் தலைமையில் வடபகுதி அமீர்கள் இப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்றனர். மறுக்கும் வீடுகளுக்கு ஊர்த்தலைவரே நேரில் சென்றார். 2013 பிப்ரவரியில் கானோவிலேயே பெண் பணியாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் பணி நிற்கவில்லை. 2020 ஆகஸ்டு 25-இல் ஆப்பிரிக்கப் பகுதி இயற்கைப் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமே எஞ்சியுள்ளன. பாகிஸ்தானில் 2023-இல் ஆறாகக் குறைந்திருந்த எண்ணிக்கை 2024-இல் எழுபதைத் தாண்டிற்று.

இவ்விடத்தில் அலீ மாவ் மாலின் என்பவரைக் குறிப்பிடாமல் முடிக்க மனமில்லை. சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராக இருந்த அவர், 1977 அக்டோபரில், இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் உலகத்துக் கடைசி நோயாளியானார். ஊசி வலிக்குமென்று அஞ்சி, குத்திக்கொண்டவர் போலக் கையைப் பிடித்துக்கொண்டு தப்பியவர் அவர். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியாளராகி, மறுக்கும் பெற்றோரிடம் தம் கதையையே சொல்லி வந்தார். 2013-இல் மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த போலியோ வைரஸ் சோமாலியாவுக்குள் நுழைந்தபோது மெர்காவில் அவர் மீண்டும் சொட்டு மருந்துப் பெட்டியுடன் புறப்பட்டார். அப்பணியின் நடுவே அவ்வாண்டு ஜூலையில் மலேரியா கண்டு இறந்தார்.