நம்மூர்க் கம்பிச் சடக்கும் ஒரு மேசை ஸ்டேஷனும்



பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் நூலக அறைக்குள்ளும் ஒரு நடை வந்து போங்கள். மூலையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் அட்டையாலும் பலகைச் சீவலாலும் செய்த ஒரு பழைய ரயில் ஸ்டேஷனை வைத்திருக்கிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டு மாதம் உழைத்துச் செய்தது. "இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்பீர்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கதவும், தூணும், படியும் ஏன் அந்த அளவில் அந்த இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களைத் தேடிப் போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டும் ஒரு ஸ்டேஷன் செய்து வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கலாம். நம் தோட்டத்துக்கு அருகில் முன்பு இருந்த சிறிய பலகை ஸ்டேஷன் என்று அட்டையில் எழுதியும் வைத்தோம். வண்ணம், கொடி, பூந்தொட்டி எல்லாம் பிரமாதம். பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். பழைய லயத்துப் பாட்டி ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. தொண்ணூறு வயதை எட்டியவர். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையருகே வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏன் வாத்தியாரே, மேடை இவ்ளோ ஒசரமாவா இருந்துச்சு? நாங்கல்லாம் ஏணி ஏறுற மாதிரில்ல வண்டியில ஏறுவோம்? எங்கம்மா என்னைத் தூக்கித்தான் உள்ள விடும்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நாங்கள் செய்திருந்தது இன்று சுங்கை பட்டாணியில் மின்சார ரயில் வந்து நிற்கிற மேடை. வண்டியின் தரையும் மேடையும் சமமாக இருக்கும், நடந்தே ஏறலாம். அந்தக் காலத்து மேடை முழங்கால் உயரந்தான். வண்டியின் வாசற்படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். ஒரு மேடையின் உயரம் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் பிள்ளைகளுக்கு "பழைய ஸ்டேஷன்" என்று சொல்லிவிட்டு, புதிய ஸ்டேஷனுக்குப் பழைய சாயம் பூசிக் கொடுத்திருக்கிறோம். சரித்திரப் பாடத்தில் ஆண்டு தவறினால் சிவப்பு மை போடுகிற கை, இதற்கும் போட வேண்டாமா? அன்றே அதைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவது என்று தீர்மானித்தோம்.

அதற்கு முன்னால் இந்தப் பாதை எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. தூரம் எட்டு மைல் அளவுதான். ஈயம் ஏற்றப் போட்ட பாதை அது. கெடாவுக்கு ரயில் வந்த காரணம் வேறு. கெடா அப்போது சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கும் பிரிட்டிஷார் பக்கம் வந்தன. பதிலுக்குச் சயாம் தன் தென்பகுதியில் ரயில் போட 40 லட்சம் பவுன் கடன் பெற்றது. வடக்கிலிருந்து அவர்கள் பாதை இறங்கி வர, தெற்கிலிருந்து எப்.எம்.எஸ். ரயில்வே புக்கிட் மெர்தாஜாமில் தொடங்கி வடக்கே ஏறியது. சுங்கை பட்டாணி, பீடோங், குருண் எல்லாம் கடந்து 1915-இல் அலோர் ஸ்டாரைத் தொட்டது. 1918-இல் பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுப் பாதைகளும் கைகோத்தன. நம் லயத்துப் பக்கம் தண்டவாளம் ஓடுவதற்கு லண்டனிலும் பாங்காக்கிலும் போட்ட கையெழுத்து காரணம் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

அந்தப் பாதை மீட்டர் அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர். அடிக்கணக்கில் 3 அடி 3⅜ அங்குலம். நம் பாட்டன்மாருக்கு இது புதிதல்ல. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் அவர்கள் பார்த்துவிட்டு வந்த ரயிலும் மீட்டர் பாதையில் ஓடியதுதான். கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, தொற்று நோய்த் தடுப்புக்காகப் புலாவ் ஜெரஜாக்கில் நாட்களைக் கழித்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்கள் அவர்கள். பினாங்குத் தீவுக்கு இந்த ரயில் பாதை வரவே இல்லை. ஆனால் கடற்கரையோரம் மணிக்கூண்டு வைத்த பெரிய ரயில்வே கட்டடம் உண்டு. அங்கே டிக்கெட்டு வாங்கி, படகில் பிறைக்கு வந்து ரயில் ஏற வேண்டும். ரயில் இல்லாத ரயில் ஸ்டேஷன்! இன்று அது சுங்கத்துறைக் கட்டடமாக நிற்கிறது. பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்துவிட்டது.

ரயில்வேயில் நம்மவர்கள் வேலை செய்ததைத் தனியாகவே எழுதலாம். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வெயிலில் நின்று ஜல்லி கொத்தி, கட்டை மாற்றி, பாதையைக் காத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். ஸ்டேஷன் மாஸ்டரின் நாற்காலி எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் கிடைக்கும். கேங் ஆட்கள் எங்கே உட்கார்ந்து சோறு தின்றார்கள் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

சரி, அளவுக்கு வருவோம். நாங்கள் தேர்ந்தெடுத்த ஸ்டேஷன் இப்போது இல்லை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டை மின்பாதை போடும் வேலை 2008-இல் தொடங்கியது. 2015-இல் மின்சார ரயில் எல்லை வரை ஓடியது. நல்ல காரியந்தான். ஆனால் இடையில் பல பழைய கட்டடங்கள் போய்விட்டன. இல்லாத கட்டடத்தை எப்படி அளப்பது?

இங்கேதான் ஒரு கல்யாண போட்டோ கை கொடுத்தது. பக்கத்துத் தோட்டத்து வீடொன்றில், மணமக்களை வழியனுப்ப ஸ்டேஷனில் கூடி நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆட்களின் பின்னால் கூரையும் இரண்டு தூணும் கதவும், முன்னால் ஓரத்தில் தண்டவாளமும் தெரிந்தன. தண்டவாளம் தெரிந்தால் போதும், அதுவே அளவுகோல்! படத்தில் தண்டவாள இடைவெளி 8 மில்லிமீட்டர் என்றால், அந்த 8 மில்லிமீட்டர்தான் ஒரு மீட்டர். அதன் அருகிலேயே நிற்கிற கம்பம் படத்தில் 24 மில்லிமீட்டர் என்றால், நிஜத்தில் 3 மீட்டர். நான்காம் ஆண்டுக் கணக்குத்தான். ஆனால் ஒரு கண்ணி உண்டு. கேமராவுக்குத் தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும். தண்டவாளத்தை வைத்துப் பின்னால் இருக்கிற கூரையை அளந்தால் கூரை குட்டையாகிவிடும். முதலில் நாங்கள் அப்படித்தான் அளந்தோம். கதவு ஐந்தடி உயரம் வந்தது! "சார், ஸ்டேஷன் மாஸ்டர் குனிஞ்சுதான் போவாரா?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் தப்பு விளங்கியது. தூரத்துச் சுவருக்கு அந்தச் சுவரிலேயே ஓர் அளவுகோல் தேட வேண்டும். கதவை ஏழடி என்று வைத்துக்கொண்டோம். அதன் பக்கத்தில் நின்ற ஆளின் உயரம் ஐந்தரை அடிக்கு ஒத்து வந்தது. அதிலிருந்து ஜன்னல், தூண், தாழ்வாரம் எல்லாம் வரிசையாக வந்தன.

மாதிரியின் அளவை ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தோம். ஒரு மீட்டர் பாதை மேசையில் சரியாக 2 சென்டிமீட்டர். ஆனால் கட்டடத்தைப் போட்டவர்கள் அடி, அங்குலத்தில் போட்டவர்கள். ஓர் அடி மேசையில் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஏழடிக் கதவு 43 மில்லிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. மனித பொம்மை மூன்றேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

போட்டோ காட்டாததை அறிய, நிற்கிற கட்டடம் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. அலோர் ஸ்டாரில் புதிய ஸ்டேஷன் வந்த பிறகும் 1915-ஆம் ஆண்டுப் பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பதினான்கு பிள்ளைகளோடு போனோம். பெரிய ஊர்க் கட்டடத்தைச் சின்ன ஸ்டேஷனுக்கு அப்படியே நகல் எடுக்கக்கூடாது என்பது தெரியும். ஜன்னலை எப்படித் தடுப்பார்கள், கூரைச் சாய்வு எப்படி, மழைத்தண்ணீர் எப்படி இறங்கும் என்று கற்கவே போனோம். உயரத்தை நிழலை வைத்து அளந்தோம். ஒரு மீட்டர் குச்சியை நட்டால் நிழல் 80 சென்டிமீட்டர். அதே நேரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல் 4 மீட்டர் என்றால், கம்பம் 5 மீட்டர். இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஐஸ் வாங்கப் போய்விட்டு வந்து இரண்டாவதை அளந்த குழுவுக்குக் கணக்கு உதைத்தது.

பள்ளி விடுமுறையில் நான் கோலாலம்பூர் போய், எப்.எம்.எஸ். ரயில்வே தன் ஐம்பதாம் ஆண்டுக்கு 1935-இல் வெளியிட்ட நூலையும் புரட்டினேன். பாலம், என்ஜின், பெரிய ஸ்டேஷன்களின் படங்கள் இருந்தன. நமக்கு வேண்டிய சின்ன ஸ்டேஷன்களின் கதையோ பெரும்பாலும் நம் ஆட்களின் வாயில்தான் இருக்கிறது. அதனால் திரும்பவும் பாட்டியிடமே போனோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். பிள்ளைகள் மேடையின் உயரத்தைக் கேட்டார்கள், டிக்கெட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவரும் குச்சியால் முற்றத்தில் கோடு போட்டுக் காட்டினார். மூன்றாவது ஞாயிறு, கட்டடத்துக்குக் கிழக்கே தள்ளி இன்னொரு கோடு போட்டார். "இது கித்தா சீட்டு ஏத்துற லயனு. எங்கப்பாவ சயாமுக்கு ஏத்துனது இங்கனதான். பயணிங்க மேடையில இல்ல" என்றார்.

1942-இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். நோங் பிளாடுக்கிலிருந்து தன்பியூசாயாட் வரை. 1943 அக்டோபரில் முடித்தும்விட்டார்கள். போர்க் கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 60,000-க்கு மேல் வேலை செய்து, 12,000-க்கு மேல் மாண்டார்கள். காஞ்சனாபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அதைவிட அதிகமான ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாக விழுந்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. சாமான் வண்டிகளில் ஏற்றி, இந்தக் கெடா பாதை வழியாகத்தான் பாடாங் பெசாரைத் தாண்டி பான் போங் வரை கொண்டு போனார்கள்.

பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அப்பா திரும்பி வரவில்லை.

மேசையில் அந்தச் சாமான் வண்டியை வைக்கலாமா, கூடாதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. "சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை, விழா நாளில் எதற்குச் சோகம்?" என்று சில பெற்றோர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நானும் இரண்டு நாள் யோசித்தேன். மேடையின் உயரத்தைத் தவறாகக் காட்டியதற்கே வெட்கப்பட்ட நாம், இதை விட்டுவிட்டு "அளவு சரி" என்று எப்படி எழுதி ஒட்டுவது? கித்தா சீட்டு ஏற்றிய அதே தனிப் பாதையை, பாட்டி கோடு போட்ட இடத்திலேயே போட்டிருக்கிறோம். அதில் ஒரு மூடு வண்டி நிற்கிறது. பக்கத்தில் பொம்மை ஆட்கள் யாரையும் வைக்கவில்லை. அது பிள்ளைகளே எடுத்த முடிவு.

வண்டியின் கதவு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாட்டியிடம் கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "தொறந்துதான் வையி. அப்பா கதவுகிட்ட கால தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு. கைய ஆட்டுனாரு." அதனால் கதவு திறந்திருக்கிறது.

சுவரின் நிறம் பற்றி மட்டும் பெரியவர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஒருவர் காவி என்கிறார், இன்னொருவர் மஞ்சளும் பச்சையும் என்கிறார். ஆகவே பலகையைச் சாயம் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் பழைய டிக்கெட்டு, ஸ்டேஷன் அருகே எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். மேசையைச் சுற்றி வந்து பாருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள். மேற்குப் பக்கத்துக் கூரையில் பசை இன்னும் காயவில்லை.