காசநோய்ச் சிகிச்சையில் சுற்றத்தாரின் பங்கு

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைத்த வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தினாரில்லை. அருகிலிருந்து பேணுபவனையும் நான்காவது கூறாக வைத்தார். காசநோயின் வரலாற்றை நோக்கின், இந்த நான்காவது கூறின் அருமையை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று என்பதும், அதனை உணர்த்தியதில் நம் சென்னை மாநகருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் புலனாகும்.

1882-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். காரணம் தெரிந்ததேயன்றி மருந்து கிட்டவில்லை. நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சை என்றிருந்த காலம் அது. அதற்கென ஊருக்குப் புறத்தே சானடோரியங்கள் எழுந்தன. நம் நாட்டில் 1906-இல் ஆஜ்மீருக்கு அருகே திலோனியாவிலும், 1915-இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்திலும் அவை திறக்கப்பெற்றன. தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் ஒன்றை நிறுவினார். இவற்றால் பிழைத்தோர் பலர். ஆயினும் படுக்கைகளோ சில, நோயாளிகளோ பல்லாயிரவர். இடம் கிடைத்தவரும் மனைவி மக்களைப் பிரிந்து மாதக்கணக்கில் தனித்திருக்க நேர்ந்தது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியசிட்டும் வந்தன. அப்போது ஒரு வினா எழுந்தது. நெருக்கமான குடித்தனத்தில், குறைந்த உணவுண்டு வாழும் ஏழை, தன் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைவானா? அவனால் வீட்டாருக்கு நோய் தொற்றாதா?

இவ்வினாவுக்கு விடை காண 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கை கோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் இதனை வழிநடத்தினார். 193 நோயாளிகளுள் ஒரு பாதியினர் சானடோரியத்திலும், மறு பாதியினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தை உண்டனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நற்பயன் எய்தியிருந்தனர். முன்னவர்க்கு உணவும் ஓய்வும் மிகுதி என்பதை எண்ணினால், இவ்வேறுபாடு சிறிதே எனலாம். பின்னர் ஐந்தாண்டுகள் கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்கு நோய் மிகுந்ததாகவும் காணவில்லை. நோயாளியை வீட்டினின்றும் அகற்ற வேண்டியதில்லை என்பது இங்ஙனம் உறுதியாயிற்று.

இவ்வெற்றி மாத்திரையால் மட்டும் விளைந்ததன்று. சுகாதார ஊழியர்கள் வீடுதேடிச் சென்றனர்; மருந்து உண்ணப்படுகிறதா என்று ஆராய்ந்தனர். 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நாடெங்கும் கொண்டு சென்றது. 1997 முதல் விரிந்த திருத்திய திட்டம், மற்றொருவர் கண்முன் மருந்துண்ணும் முறையைப் புகுத்தியது. நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அரசு வழங்கலாயிற்று. நோயாளிக்கு உணவுப் பொருள் அளித்துதவ விரும்பும் தனியாரையும் சங்கங்களையும் பதிவு செய்துகொள்ளும் நிக்ஷய் மித்ரா திட்டம் 2022-இல் பிறந்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, நோயாளியின் குடும்பத்தார் அனைவருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது என்று காட்டிற்று.

இனி நம் காலனி வாழ்வை நோக்குவோம். வெளி மாநிலத்தில் வாழும் நம்மிடையே, வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் அதை மறைப்பதும், மருமகளாயின் ‘ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும்’ என்று ரயிலேற்றி விடுவதும் உண்டு. இடையில் மருந்து நின்றுபோனால் நோய் மீளும். கிருமியும் மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். ஊர் செல்வது தவிர்க்க இயலாதாயின், முதலில் இங்குள்ள சிகிச்சை நிலையத்தில் சொல்லி, அவ்வூர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு செல்லல் வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்குவதாலும் பயனில்லை. இந்நோய் இருமலின்வழிக் காற்றில் பரவுவதேயன்றிப் பாத்திரத்தால் பரவுவதன்று. தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மையும் பெரிதும் தணிகின்றது.

சொந்த பந்தங்களை விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு அதனை இலவசமாகவே தருகின்றது. அவ்வாறு மாதமும் ‘இன்று மருந்து சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்க ஒருவர், மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவர், முட்டையும் பருப்பும் வாங்கித் தர நம் சங்கம் என்று அமையுமாயின், வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு நம் காலனியில் குறைவின்றி நிறைவேறும். ஆண்டு விழாக் காணும் நம் சங்கம் இவ்வறத்தையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாக.