கண்ட்ரோல் ரூம் வரை

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்த கையோடு என்னைத் தேடி வருகிறார்கள். "மாமா, கல்பாக்கத்துல உள்ள போறது எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உள்ளே போன பிறகு ஒருவர் எப்படி மேலே வருகிறார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்தப் படிகளைச் சிலர் உட்கார்ந்து யோசித்துக் கட்டினார்கள். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தில் பிட்டராகச் சேர்ந்து, மெயின்டனன்ஸ் பிரிவிலேயே ஓய்வு பெற்றவன் நான். ஏறியவன் என்ற முறையில் அதை எழுதிவைக்கிறேன்.

1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கியபோது, இந்தியாவில் அணு உலை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கியது. அடுத்த ஆண்டே அந்த நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். பொறியியலும் அறிவியலும் படித்து வந்த இளைஞர்களுக்கு ஒரு வருடப் படிப்பு, முடித்ததும் வேலை. அதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது பதவி உயர்வுக்கு அவர்கள் வைத்த முறை. தாலுகா ஆபீசில் மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் கீழே இருப்பவருக்கு நாற்காலி. அணுசக்தித் துறையில் காலியிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, செய்த வேலையை வைத்து நேர்காணலில் எடைபோடுவார்கள். தேறினால் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கிரேடு உயரும். விஞ்ஞானிகளுக்கென்று வந்த இந்த எண்ணத்தின் நிழல் எங்களைப் போன்ற டிரேட்ஸ்மேன்கள் மேலும் விழுந்தது. ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாக நாங்களும் ஏறினோம். வேலையில் இருந்துகொண்டே டிப்ளமா முடித்து சயின்டிபிக் அசிஸ்டென்ட் ஆனவர்கள் என் செட்டிலேயே உண்டு.

கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் படி வேறு. அதில் கிரேடு மட்டும் போதாது, லைசென்ஸ் வேண்டும்.

1969இல் மின்சாரம் தரத் தொடங்கிய தாராப்பூர், அமெரிக்கர்கள் கட்டித் தந்தது. ராஜஸ்தானில் ராவத்பாட்டா நிலையத்துக்குக் கனடா உதவியது. 1974 மே 18இல் பொக்ரானில் குண்டு வெடித்ததும் கனடாக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கல்பாக்கம் பாதிகூட எழும்பியிருக்கவில்லை. இந்த நிலையத்துக்கு 1967இல் தலைமைத் திட்டப் பொறியாளராக நியமிக்கப்பட்ட எம்.ஆர்.சீனிவாசனும் அவருடைய ஆட்களும் மிச்சத்தை நம் தொழிற்சாலைகளைக் கொண்டே செய்து முடித்தார்கள். நிலையம் ஏறக்குறைய தயாரான பிறகும் கனநீர் போதாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1983 ஜூலை 2இல் முதல் அலகில் தொடர்வினை தொடங்கியது. அதை இயக்கப் போகிறவர்கள் ராவத்பாட்டாவில் தொழில் கற்றிருந்தார்கள். தென்னாட்டுப் பிள்ளைகள் அந்த ராஜஸ்தான் வெயிலில் ஓடும் உலைக்குப் பக்கத்தில் நின்று பழகி, கடற்கரைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் அவர்கள்தான் ஆசிரியர்கள்.

அதே ஆண்டு நவம்பர் 15இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. அது வந்த பிறகு லைசென்ஸ் முறை இறுகியது. முதலில் செக்லிஸ்ட். ஒவ்வொரு சிஸ்டத்தையும் வால்வு வால்வாகத் தேடிப் போய்ப் பார்த்து, தெரியும் என்று சீனியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் எழுத்துத் தேர்வு. பிறகு பிளான்டுக்குள் நடக்கவைத்தே கேள்வி கேட்பார்கள். கடைசியாக வாரியத்தின் குழு முன்னால் நேர்காணல், உடல் தகுதிச் சோதனை. இத்தனையும் தாண்டிக் கிடைக்கும் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். கண்ட்ரோல் இன்ஜினியர், உதவி ஷிப்ட் சார்ஜ் இன்ஜினியர், ஷிப்ட் சார்ஜ் இன்ஜினியர் என்று ஒவ்வொரு படிக்கும் புதிதாகப் படிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் குவார்ட்டர்ஸில் பிள்ளையோடு சேர்ந்து பரீட்சைக்குப் படித்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

லைசென்ஸோடு பொறுப்பும் வரும். எங்கள் மேல்மலையனூரில் அமாவாசை என்றால் அங்காளம்மன் ஊஞ்சல். நள்ளிரவு உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். மெயின்டனன்ஸில் இருந்த நான் லீவு சொல்லிவிட்டு மதுராந்தகம், திண்டிவனம் வழியாக ஊர் வந்துவிடுவேன். கண்ட்ரோல் ரூம் பேனலில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. மாற்று ஆள் வந்து லாக் புத்தகத்தைப் படித்துப் பொறுப்பேற்காமல் அவர் எழுந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமித் தண்ணீர் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தபோது இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடியிருப்பில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. தங்கள் வீடு என்ன ஆயிற்று என்று தெரியாத நிலையிலும் ஷிப்டில் இருந்தவர்கள் உலையை முறைப்படி நிறுத்திப் பத்திரமாக வைத்தார்கள். அத்தனை பரீட்சை எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இந்தக் காலையைத்தான் சொல்கிறேன்.

என் பிரிவின் கதை வேறு. எண்பதுகளின் கடைசியில் இரண்டு உலைகளிலும் உள்ளே கனநீர் வந்து பாயும் மேனிபோல்டு உடைந்தது. மனிதர் கை நுழைய முடியாத இடம். அதனால் உலைகளை 170 மெகாவாட் அளவுக்குக் குறைத்தே ஓட்ட வேண்டியதாயிற்று. 2002இல் தொடங்கி, ஒவ்வொரு உலையிலும் 306 குளிர்விப்புக் குழாய்களையும் வெட்டி எடுத்து, சிர்கோனியம்-நியோபியம் கலவையில் செய்த புதிய குழாய்களைப் பொருத்தினார்கள். அந்தச் சமயத்திலேயே பழைய மேனிபோல்டின் வேலையைச் செய்யவும் வழி செய்து, 220 மெகாவாட் திறனை மீட்டார்கள்.

டிரேட்ஸ்மேன்களின் மதிப்பு தெரிந்தது அந்த வேலையில்தான். உலைக்கு வெளியே அதே அளவில் ஒரு மாக்-அப் வைத்து, பிளாஸ்டிக் சூட்டையும் மாட்டிக்கொண்டு, ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். உள்ளே ஒரு நிமிடம் மிச்சமானால் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு டோஸ் அவ்வளவு மிச்சம். எந்த இடத்தில் ஸ்பேனர் திரும்பாது, எந்தக் கோணத்தில் கை எட்டாது என்று சொன்ன பிட்டரின் பேச்சைக் கேட்டுப் பெரிய இன்ஜினியர்கள் டூலை மாற்றி வரைந்தார்கள். அணுத் தொழிலில் மேலே வருவது என்றால் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் படிகளில் கால் வைக்காமலே இந்தத் தொழிலில் வயதைக் கழிக்கிறவர்களும் உண்டு. ஷட்டவுன் வந்தால் காண்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள். பிரான்சிலும் ஜப்பானிலும் அணுமின் நிலையத் தொழிலாளர்கள் வாங்கும் மொத்த டோஸில் பெரும்பங்கு ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கே போகிறது. நம் நாட்டில் அவர்களும் டோஸை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் 100 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது என்பது நிரந்தர ஊழியருக்கான வரம்பு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அதைவிடக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். வாங்கிய டோஸ் முழுவதும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. எந்த நிலையத்துக்குப் போனாலும் அந்தக் கணக்கு கூடவே போகும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு காண்ட்ராக்ட் வெல்டர் மாக்-அப்பில் கற்ற வேலைக்கு, அவர் தேறிய சோதனைகளுக்கு, அப்படி ஒரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை. அடுத்த ஷட்டவுனில் வேறு காண்ட்ராக்டர் வந்தால் அவர் மறுபடியும் புது ஆள்.

பாபாவின் காலத்தில், காலியிடத்துக்காகத் திறமை காத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்த துறை இது. அதே துறை 2024 மார்ச்சில் கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலையின் கோர் லோடிங் வேலையைத் தொடங்கியது. 500 மெகாவாட் உலை, குளிர்விப்பது திரவ சோடியம். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும் சோடியத்தோடு வேலை செய்யும் பழக்கத்தை ஒரு வெல்டர் எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொள்ள முடியாது, அங்கேதான் கற்க வேண்டும். அப்படிக் கற்றவர்களின் பெயருக்கு எதிரே டோஸோடு அவர்கள் வேலையையும் எழுதுங்கள். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதற்கு மதிப்பெண் கொடுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கிடைக்கப்போவது காண்ட்ராக்ட் வேலைதான்.