கான்ராட் ஹில்டனின் உயிலும் அறக்கொடையும்

விடுதித்தொழில் வரலாற்றில் கான்ராட் ஹில்டனின் கொடை பெரிதும் போற்றப்படுகிறது. அக்கொடைக்கு வடிவம் தந்தது கொடையுள்ளம் மட்டுமன்று. நிறுவனக் கட்டுப்பாடு குறித்த வழக்கும் ஆகும்.

1887இல் நியூ மெக்சிகோவில் பிறந்த ஹில்டன், வங்கி வாங்கும் நோக்குடன் 1919இல் டெக்சாசின் சிஸ்கோ நகருக்குச் சென்றார். பேரம் முறியவே, எண்ணெய்வயல் தொழிலாளரால் நிரம்பியிருந்த மோப்லி விடுதியை வாங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் பல விடுதிகளை இழந்து மீண்ட அவர், 1949இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியாவைக் கைக்கொண்டார்.

1944இல் அவர் அறக்கட்டளை நிறுவினார். 1979இல் மறைந்தபோது, துன்புறுவோர்க்கும் கத்தோலிக்க அருட்சகோதரியர்க்கும் உதவுமாறு பணித்து, செல்வத்தின் பெரும்பகுதியை அதற்கே உயில்வழி அளித்திருந்தார். எனினும் 1969ஆம் ஆண்டின் வரிச்சட்டம், தனியார் அறக்கட்டளை ஒரு தொழில் நிறுவனத்தின் பங்குகளை வரம்பின்றி வைத்திருப்பதைத் தடுத்தது. வரம்பை மிஞ்சும் பங்குகளை வாங்கும் உரிமையை உயில் தமக்கு அளித்திருப்பதாக மகன் பாரன் ஹில்டன் வழக்காடினார். 1988இல் இணக்கம் ஏற்பட்டது. பங்குகளில் ஒரு பகுதி பாரனுக்கும், ஒரு பகுதி அறக்கட்டளைக்கும், எஞ்சியது அறநோக்குப் பொறுப்புரிமை அமைப்பு ஒன்றிற்கும் சென்றன.

2019இல் மறைந்த பாரன், தம் செல்வத்தில் 97 விழுக்காட்டை அதே அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். தந்தையின் உயிலை எதிர்த்து வழக்காடிய மகன்வழியே அச்செல்வம் மீண்டும் அறத்தைச் சேர்ந்தது. எனவே தொழிலதிபர் கொடைகளை ஆராய்வோர் உயிலோடு பங்குரிமை வரலாற்றையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாததாகும்.