கயிற்றால் தைத்த கப்பல்



மார்க்கோ போலோ பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு செய்தியை இன்று சொல்கிறேன்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ் துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றி அவர் எழுதினார். இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். கீல் பூசாமல் மீன் எண்ணெய் தடவுகிறார்கள். மோசமான கப்பல்கள், பல மூழ்கிப்போகின்றன என்றார்.

ஆணியும் கீலும் பார்த்துப் பழகிய கண் அது. ஐரோப்பாவில் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, மேலே கீல் காய்ச்சி ஊற்றுவார்கள்.

சுமார் 700 ஆண்டு கழித்து டிம் செவரின் என்ற கடல் பயணி இதைச் சோதித்துப் பார்த்தார். ஓமானின் சூர் நகரில் 'சோஹார்' என்ற கப்பலைக் கட்டினார். மரம் கேரளத்திலிருந்து வந்தது. கயிறும் அதைத் தைக்கத் தெரிந்தவர்களும் லட்சத்தீவின் அகத்தியிலிருந்து வந்தார்கள். கடையில் விற்கும் கயிறு உதவாது. மட்டையை உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடித்து, கையால் திரித்த கயிறுதான் வேண்டும். அப்படிப்பட்ட கயிறு ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேவைப்பட்டது. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுக்க அடிப்பாகத்தில் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து பூசினார்கள்.

1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட சோஹார், 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சோவை அடைந்தது.

காரணம் எளியது. தைத்த பலகை அலையோடு சற்று வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் இறக்கியவையும் நார்க்கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான். வெள்ளைக்காரர்களும் அவற்றையே நம்பியிருந்தார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தேங்காய்நார் என்று நினைத்துவிடாதீர்கள். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு நீளக்கூடாது. அதற்குக் கீல் பூசிய ஹெம்ப் கயிறு நல்லது. நங்கூரக் கயிறு அலைக்குத் தக்கபடி நீண்டு சுருங்க வேண்டும்; அங்கே தேங்காய்நார் நல்லது. இன்றைக்கும் மரப்படகின் பலகை இடுக்கை அடைப்பவர்கள் கல்லாய் இறுகும் பசையைத் தேடுவதில்லை. மரம் ஊறும்போதும் காயும்போதும் கூடவே அசையும் பாலிசல்பைடு போன்ற ரப்பர் பசையைத்தான் தேடுகிறார்கள். எது உறுதியானது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த இடத்துக்கு என்றும் கேட்க வேண்டும்.

தென்னை இன்னும் இருக்கிறது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் கைகள்தான் குறைந்துவிட்டன. உங்கள் வீட்டில் கயிறு திரித்த, படகு தைத்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். இங்கேயும் பகிருங்கள்.