மண் நகை பொய் நகையா?

  இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் சுட்ட மண்ணில் செய்த மாலை ஒன்றும் ஒரு ஜோடி ஜிமிக்கியும் இருந்தன. அனுப்பியவள் நெல்லிவாசல்நாட்டில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உடனே போன் செய்தேன்.

"வீட்டு வேலை போக மிச்ச நேரத்துல செய்றேன் டீச்சர். நாலு பேரு வாங்குறாங்க. ஆனா எங்க மாமியார், 'தங்கத்துக்கு வக்கில்லாதவங்க போடுற பொய் நகை, இதை வெளிய சொல்லாத'ங்கிறாங்க. நீங்க ஒரு பதில் எழுதுங்க. நீங்க எழுதுறதை அவங்க விடாம படிப்பாங்க."

ஆகவே சம்பந்தியம்மா, இந்தப் பதிவு முதலில் உங்களுக்குத்தான். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

முதலில் அவள் இதை எப்படிச் செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். களிமண்ணை நனைத்து, மெல்லிய துணியில் வடித்து, கல் போக்கி, நன்றாகப் பிசைந்துகொள்கிறாள். சப்பாத்தி மாதிரி தேய்த்து அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பை அழுத்துகிறாள். தாலுகா ஆபீஸ் பக்கம் முத்திரை செய்து தருவார்களே, அப்படி ஒரு கடையில் தான் வரைந்த மாங்காய், மயில், கோலம் எல்லாம் கொடுத்து ஸ்டாம்பு செய்து வாங்கியிருக்கிறாள். மண் ஒட்டாமலிருக்க ஸ்டாம்பில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்கிறாள். பாட்டில் மூடியால் வட்டமாக வெட்டி, ஈரம் காயுமுன் ஈர்க்குச்சியால் துளை போடுகிறாள். காயும்போது மண் சுருங்கும், துளையும் சிறுத்துப்போகும். அதனால் நூல் கனத்தைவிடச் சற்றுப் பெரிய துளையாகப் போட வேண்டுமாம். நிழலில் நாலைந்து நாள் உலர்த்திச் சுடுகிறாள். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் சூட்டில் ஆவியாகி வில்லை வெடித்துவிடும். காற்றுப் பட வெந்தால் சிவப்பு, காற்றை அடைத்துப் புகையில் வெந்தால் கறுப்பு. பழைய ஈமக்காடுகளில் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானைக்கும் இதே கணக்குதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கோ தொலைவில் போக வேண்டாம், நம் திருப்பத்தூர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பையம்பள்ளி தெரியுமல்லவா? 1960களில் மத்திய தொல்லியல் துறையினர் அங்கே தோண்டினார்கள். புதிய கற்கால மக்களும், அவர்களுக்குப் பின் இரும்புக்கால மக்களும் வாழ்ந்த ஊர் அது. கையால் வனைந்த பானைகளும், கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இரும்பு வருவதற்கு முன்பே நம் மலையடிவாரத்து மனிதனுக்கு மண்ணைப் பிசையவும் சுடவும் தெரிந்திருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரோடு மாவட்டம், நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்தது. மணி செய்யும் வேலையின் ஒவ்வொரு படியும் இங்கே கிடைத்தது. உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த கல், பாதி துளைத்த கல், துளைக்கும்போது உடைந்ததால் வீசிய கல் என்று எல்லாம் உண்டு. ஈமக்குழி ஒன்றில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. ஒரு கடினமான கல்லில் நூல் நுழையும் அளவுக்குத் துளை போட எவ்வளவு பொறுமை வேண்டும்! இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சற்றுத் தவறினாலும் மணி வீண்.

கல்மணி வசதியானவர்களுக்கு. மற்றவர்களுக்குக் கண்ணாடி மணி வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய வணிகம் என்று நான் வகுப்பில் நடத்திய பாடம் அதுதான். ஆனால் அந்த ஊரின் பெரிய சாதனை மணித் தொழில் என்பதைப் பாடத்தில் ஒரு வரியோடு கடந்துவிட்டோம். உருகிய கண்ணாடியைக் குழல்போல் நீளமாக இழுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் வெட்டிய முனை மழுங்கி மணியாகிவிடும். ஒவ்வொன்றாகத் துளைக்கும் வேலை இல்லை. செங்கல் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று குவியல் குவியலாகச் செய்யலாம். பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். இலங்கையின் மாந்தையிலிருந்து தாய்லாந்து, வியட்நாம், கொரியா வரையிலும், மேற்கே ஆப்பிரிக்காவிலும் இவ்வகை மணிகள் கிடைக்கின்றன. ஆந்திராவில் காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை இதே முறையில் மணி இழுத்தார்கள்.

2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தங்கத் துணுக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணாடி மணியும் கல்மணியும் எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பெரும்பாலான கழுத்துகளில் கிடந்தது எது என்று உங்களுக்கே புரியும்.

மணியைப் பற்றிச் சொன்னேன். அச்சு? ரப்பர் ஸ்டாம்பு புதிதுதான். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த பிறகு வந்த பொருள் அது. ஆனால் அச்சை மண்ணில் அழுத்தி நகை செய்வது புதிதல்ல.

பணி ஓய்வுக்குப் பிறகு படித்த ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. தெலங்கானாவில் சங்காரெட்டி மாவட்டத்தில் கொண்டாபூர் என்று ஓர் ஊர். (ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் கொண்டாபூர் வேறு.) 1940களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது சாதவாகனர் காலத்து மண் வில்லைகள் கிடைத்தன. ரோமானியக் காசின் உருவத்தை மண்ணில் அச்சாகப் பதித்து, சுட்டு, தொங்கவிடத் துளையோ வளையமோ வைத்த வில்லைகள். பேரரசன் திபேரியஸ் காசைப் பார்த்துச் செய்தவையும் அவற்றில் உண்டு. மகாராஷ்டிரத்தில் தேர் என்ற ஊரிலும், கர்நாடகத்தில் சந்திரவள்ளியிலும்கூட இவ்வகை வில்லைகள் கிடைத்திருக்கின்றன. கழுத்தில் அணியத்தான் செய்தார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வசதி உள்ளவர்கள் உண்மையான ரோமானியப் பொற்காசிலேயே துளையிட்டு அணிந்திருக்கிறார்கள். அது இல்லாதவர்கள் அதன் உருவத்தை மண்ணில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நம் காசுமாலையும் இந்த வழியில் வந்ததுதானே? அச்சடித்த காசைக் கோத்தது. இன்றைக்கும் சங்கிலியில் தொங்குவதை 'டாலர்' என்கிறோம். அதுவும் ஒரு காசின் பெயர்தான்.

இதைப் படித்த இரவில் ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

1990களில் மலையில் ஆண்டு விழா. கோலாட்டத்துக்குப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். கீழேயிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், மேடை நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே படபடப்பு. கழுத்தில் காதில் ஏதாவது போட்டு வந்த பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினேன். ஒன்றும் இல்லாத ஆறு பேரைப் பின்வரிசையில் நிறுத்தினேன். "ஏன் டீச்சர் நாங்க பின்னாடி?" என்று ஒரு குழந்தை கேட்டாள். "உயரமானவங்க பின்னாடி நிக்கணும், அதுதான் முறை" என்றேன். கேட்டவள் வகுப்பிலேயே குள்ளமானவள். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கழுத்தில் ஒரு மாலையோடு வந்தாள். ஓடைக்கரைக் களிமண்ணில் உருட்டிய மணிகள். நடுவில் வட்டமாக ஒரு வில்லை. அதில் காண்டாமிருகம்! 25 பைசா நாணயத்தை மண்ணில் அழுத்தி எடுத்து அடுப்பு நெருப்பில் சுட்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னடி இது, மண்ணையெல்லாம் கழுத்துல போட்டுக்கிட்டு? கழட்டி வை." கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கொண்டாபூரில் யாரோ ஒருவர் செய்ததை, அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாத பத்து வயதுப் பிள்ளை தன் கையால் செய்துகொண்டு வந்திருக்கிறாள். வரலாறு நடத்திய டீச்சருக்கு அது கண்ணில் படவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன் சம்பந்தியம்மா. பொய் நகை என்றால் என்ன? இதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நல்ல பதில் சொல்கின்றன. 1010 வாக்கில் எழுந்த கோயில். இராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. பொன் எவ்வளவு, முத்து எத்தனை, எந்த வகை, விலை என்ன என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. கல்லில் குறையிருந்தால் அதையும் எழுதினார்கள். நகைக்குள் வைத்த அரக்கும் எடையில் சேர்ந்திருந்தால், அரக்கு உட்பட என்று எழுதினார்கள். மாமன்னன் கொடுத்த நகைக்குள்ளும் அரக்கு இருந்தது. அதைச் சொன்னதால் அது பொய்யாகவில்லை. சொல்லாமல் மறைத்து அரக்கைப் பொன் விலைக்கு விற்றிருந்தால்தான் பொய். உங்கள் மருமகள் செய்த மாலை, 'நான் மண்' என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறது. யாரையும் ஏமாற்றவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் கல்வெட்டில் பொன்னை நிறுத்தது எதனால்? 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் காட்டில் காய்க்கும் விதைகளின் பெயர்கள். ராஜாவின் பொன்னுக்கு அளவு சொன்னது நம் வேலியோரத்து விதைதான். (தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று துளைத்துக் கோக்காதீர்கள். தோல் உடைந்தால் உள்ளே கொடிய விஷம். குழந்தைகள் வாயில் போடும் இடத்தில் வைக்கவே கூடாது.)

மணி கோப்பவர்களை நாம் நடத்திய விதத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேருந்து நிலையத்தில் பாசிமணி, ஊசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களிடம் பத்து ரூபாய்க்கு எவ்வளவு பேரம் பேசியிருப்போம்! அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்ததே 2023இல்தான். பொன் விற்பவரை 'வாங்க ஐயா' என்கிறோம், மணி விற்பவரை 'தள்ளிப்போ' என்கிறோம்.

தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்துக்கு அடகு வைக்க உதவுவது அதுதான். என் மகன் படிப்புக்கு என் சங்கிலிதான் பாங்கு ஏறியது. ஆனால் அது சேமிப்பு. அலங்காரம் வேறு, சேமிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் பவுன் இல்லாத பெண் அலங்காரத்துக்கே உரிமை இல்லாதவள் என்று ஆகிவிட்டது. பின்வரிசை உருவானது அப்படித்தான்.

மகளே, உனக்கு மூன்று வார்த்தை. எந்த மண், எந்தச் சாயம், கொக்கி எந்த உலோகம் என்று வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடு. சிலருக்குக் காது புண்ணாகும். இரண்டாவது, மண் சும்மா கிடைக்கிறது என்று உன் உழைப்பையும் சும்மா கொடுக்காதே. வடித்த நேரம், உலர்த்திய நாள், வெடித்துப்போன வில்லை எல்லாம் விலையில் சேர வேண்டும். மூன்றாவது, ஸ்டாம்பில் ஊருக்கெல்லாம் பொதுவான மயிலோடு நம் மலையையும் கொண்டு வா. சாமைக்கதிர் ஒன்று வரைந்து பார். எவ்வளவு அழகாக வளையும் அது!

கடைசியாக ஒன்று. சம்பந்தியம்மா, அந்தக் குள்ளமான குழந்தை யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். மண் மாலையைக் கழற்றி வை என்று அவளிடம் முதலில் சொன்னவள் நான். நீங்கள் இரண்டாவது. இந்த விஷயத்தில் பொய் என்று ஒன்று இருந்தால், உயரத்தைக் காரணம் காட்டி அன்று நான் சொன்னதுதான். போனில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னுமா டீச்சர் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். மறக்காதவள் அவளும்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

மற்ற ஐந்து பேரும் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்தால் இரண்டு வரி எழுதுங்கள். உங்களிடமும் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். மண் மாலையும் ஜிமிக்கியும் போட்டுக்கொண்டுதான் போகப்போகிறேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்