நிழற்படத்துள் புகுந்த சிற்பி

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் இரயில் வழியில் மளவலி என்னும் சிறு நிலையத்திலும் நின்று செல்லும். கார்லே, பாஜே குடைவரைகளைக் காண இறங்கும் இடம் என்ற அளவில் நம் அன்பர்கள் பலர் அதனை அறிவர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே சிற்பிகள் பாறையைக் குடைந்து உருவங்களைச் செதுக்கிய அம்மலைகளின் அருகில்தான் இராஜா இரவிவர்மாவின் கல்லச்சகமும் இருந்தது. 1894-இல் பம்பாயில் தொடங்கப்பெற்று, அந்நூற்றாண்டின் இறுதியில் மளவலிக்குப் பெயர்ந்த அச்சகம் அது. பின்னர் ஷ்லைகர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பர் அதனை விலைக்கு வாங்கி நடத்தினார். 1972-இல் தீக்கிரையாயிற்று.

இவ்வச்சகத்தின் தோற்றத்திற்குக் கும்பகோணத்தார் ஒருவரின் யோசனையும் காரணம் என்பது நமக்கு மகிழ்வு தரும் செய்தி. 1828-இல் அங்கு தஞ்சை மராட்டியக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவே அவர். ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகளாக அச்சிடுவித்தால் நாடெங்கும் பரவுமே என்று 1884-இல் இரவிவர்மாவுக்கு அவர் எழுதினார். ஐரோப்பாவுக்கு அனுப்பாமல் இங்கேயே அச்சகம் நிறுவப்பட்டது. தாமரைமேல் நின்ற இலக்குமியும் மயிலருகே அமர்ந்த சரசுவதியும் அரண்மனையை விட்டு நம் பாட்டிமாரின் பூசையறைக்கு வந்த வழி இதுதான்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவாமிமலைத் தபதி ஓர் உருவை முதலில் மெழுகில் சமைக்கிறார். அதன்மேல் வண்டல் மண் பூசுகிறார். சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். இறுதியில் மண் கருவை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். ஆகவே ஒரு கருவுக்கு ஓர் உருவமே உண்டு. அச்சுக் கல்லோ உடைவதில்லை. ஒரே முகத்தை ஆயிரக்கணக்கில் தந்துகொண்டேயிருக்கும். தெய்வத்தின் முகம் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நிலை மாறி, இலக்குமி என்றால் இவள்தான் என்று ஒரு முகம் நம் மனத்தில் நிலைத்தது.

நிலைத்த இவ்வார்ப்பைத்தான் நம் காலத்துச் சிற்பி ஒருவர் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் 1956-இல் பெங்களூரில் பிறந்த என். புஷ்பமாலா. மாதவராவ் திவானாக இருந்த அதே பரோடாவில், மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக் கழகத்தில் சிற்பம் பயின்று, 1985-இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் சுடுமண்ணில் பெண்ணுருவங்கள் வனைந்தார். 1990-களின் நடுவில் களிமண்ணை விடுத்துத் தம் உடலையே பொருளாகக் கொண்டார். வேடம் புனைந்து, அரங்கம் அமைத்து, அசையாது நின்று, பிறர் நிழற்படம் எடுக்கச் செய்தார்.

இவ்வகையில் அவர் செய்தவற்றுள் தலையாயது, நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய வரிசை. 'தென்னிந்தியப் பூர்வீக மகளிர்: நடைமுறைகளும் வழக்கங்களும்' என்பது அதன் தலைப்பின் பொருள். முன்பே உலவிய பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள பெண்ணாகத் தாமே நின்றார். இரவிவர்மாவின் இலக்குமி, நிலவொளி மங்கை, பீஜப்பூர் ஓவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, திரைப்படக் காட்சி, திருட்டுக் குற்றத்தில் பிடிபட்ட பெண்களின் படம் என அவை பலதிறப்பட்டன.

இது மாறுவேடப் போட்டிதானே, சிற்பம் எங்கே என்று கேட்போர் உண்டு. நம் சங்கப் பொங்கல் விழாவில் ஆண்டாளாக நிற்கும் சிறுமியும் அதைத்தானே செய்கிறாள்! கேள்வி நியாயமானதே. ஆயினும் ஓவியத்தில் தட்டையாக இருந்த இலக்குமியை மீண்டும் முப்பரிமாணத்தில் நிறுத்த வேண்டுமாயின், எடை எந்தக் காலில் விழுகிறது, இடை எவ்வளவு வளைகிறது, கூடுதல் இரு கரங்களைத் தோளில் எங்கே பொருத்துவது என்பனவெல்லாம் தீர்க்கப்பட வேண்டும். இவை சிற்பியின் கணக்குகள். தூரிகையில் எளிதாய் அமைந்த நாற்கரம், எலும்பும் தசையும் உள்ள உடலில் அமைய மறுக்கிறது. அந்த மறுப்பைப் படத்தில் நாம் காண்கிறோம். வார்ப்பின் மூட்டுவாய்கள் தெரிந்துவிடுகின்றன.

அவ்வரிசையில் என் நெஞ்சை விட்டு நீங்காதது தோடர் பெண்ணின் படமே. கட்டங்கள் வரைந்த திரைக்கு முன் ஒருத்தி நிற்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மானிட அளவைப் படங்களின் மறு ஆக்கம் இது. 1869-இல் லாம்ப்ரே என்னும் ஆங்கிலேயர், இரண்டங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை நிறுத்திப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். உடலை வரைபடத் தாளில் ஏற்றுவது போன்ற வழி அது. சென்னையும் விலக்கன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு மாகாணமெங்கும் சுற்றினார். 1909-இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அரிய செய்திகள் அடங்கிய நூல்தான். நானும் நூலகத்தில் புரட்டி வியந்திருக்கிறேன். ஆயினும், சோழர் செப்புத் திருமேனிகளைப் போற்றிக் காக்கும் அதே நிறுவனம், உயிருள்ள நம் முன்னோரைக் கருவி கொண்டு அளந்தது என்பதை எளிதில் மறக்க இயலவில்லை. திருமேனிக்குத் தாலமானம் என்னும் அளவு நூல் உண்டு. அது அழகுக்காக எழுந்த அளவை. மற்றதோ மனிதரை வகைப்படுத்தி அடுக்குவதற்கு எழுந்தது.

விந்தியத்துக்கு இப்புறம் குடியேறி, மலையாளியோடும் தெலுங்கரோடும் சேர்த்து 'மதராசி' என்ற ஒற்றைப் பெயரில் அடக்கப்பட்ட நமக்கு, இப்படம் அயலார் கதையன்று.

புஷ்பமாலாவின் படங்கள் எல்லாம் எனக்கு ஒரே அளவில் உவப்பானவை அல்ல. மூலத்தை அறியாதவர்க்குப் பாதிச் சுவையே கிட்டும். திரைப்படக் காட்சியில் வேடிக்கை மிகுந்து சிந்தனை குறைகிறது. மேலும், தம் விருப்பத்தால் கட்டத் திரைக்கு முன் நிற்பவரும், அதிகாரியின் ஆணையால் நிறுத்தப்பட்டவரும் ஒரே நிலையினர் ஆகார். இந்த வேற்றுமையை அவர் மறைக்கவில்லை என்பதே என் கருத்து. திரை, திரையாகவே தெரிகிறது. அளவுகருவி, நாடகப் பொருளாகவே தெரிகிறது. முன்னைய படங்களில் நின்றவர்கள் பெரும்பாலும் குடிப்பெயர் மட்டுமே பெற்றார்கள். தம் பெயர் பெறவில்லை. இவரோ தம் பெயரோடு நிற்கிறார்.

2019-இல் சென்னை நிழற்படப் பெருவிழாவின் பொறுப்பை ஏற்று அதனை வடிவமைத்தவரும் இவரே. தர்ஸ்டன் தம் அளவுகோல்களோடு உலவிய அதே நகரில், நிழற்படங்களைத் தேர்ந்து காட்சிக்கு வைக்கும் பணி, படத்துள் நின்ற ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது.